'அசல்' என்றொரு புனைவு

பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஒரு காரின் விளம்பரத்தை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். எம்ஜிபி ரோட்ஸ்டர், 1975. கூரையை மடக்கிக்கொள்ளலாம். முழுக்கப் புதுப்பித்தது, 'அசல்' நிலை என்கிறார்கள். படத்தில் முன்னும் பின்னும் குரோம் பம்பர் பளபளக்கிறது. இங்கேதான் இடிக்குது.

1962இல் வந்த எம்ஜிபிக்குக் குரோம் பம்பர்தான். 1974இன் பிற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். ஆக, 1975 வண்டியின் அசல் முகம் அந்தக் கறுப்பு ரப்பர். குரோம் பிற்கால இடைச்செருகல். தனக்கு ஒருபோதும் இல்லாத ஒரு கடந்தகாலத்துக்கு வண்டி 'மீட்கப்பட்டிருக்கிறது'.

பாடியாவது பழசா? இதுக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. பாடியே எலும்பும் தோலும். துரு ஏறினால் எல்லாம் போச்சு. 1988இல் பழைய டைகளை வைத்தே புது பாடிகள் அடித்து விற்கத் தொடங்கினார்கள். பழைய என்ஜினையும் பாகங்களையும் அதில் ஏற்றினால், 'அதே' வண்டி.

ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. நம் பதிப்பாசிரியர்கள் செய்யாததா? அழிந்தது எது என்பதே என் கேள்வி. ரப்பர் பம்பர் அசிங்கம்தான், ஒத்துக்கிறேன். ஆனால் வாங்குகிற நாட்டின் சட்டத்துக்கு ஒரு தொழிற்சாலை வளைந்துகொடுத்த வரலாறு அதில்தான் இருக்கு. ஆபிங்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடினார்கள். அங்கிருந்து வந்த கடைசி வண்டிகளும் ரப்பர் பம்பரோடுதான் வந்தன. விளம்பரத்தில் குதிரைத்திறன் இருக்கு, சீட்டுத் தோலின் நிறம் இருக்கு. ஆபிங்டன் என்கிற பெயரைக் காணோம்.