வெண்மை எல்லாம் தேய்மானமா?

"ஸ்கேன் எடுத்துவிட்டால் உள்ளது உள்ளபடி தெரிந்துவிடும்." இடுப்பு வலியோடு நடப்பவர் எவரிடமும் இந்த வாசகத்தைக் கேட்கலாம். இலத்தூரிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போய்ப் படம் எடுத்து வந்தவர், அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இதோ வெள்ளையாகத் தெரிகிறதே, இதுதான் தேய்மானம்" என்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. காந்த ஒத்ததிர்வுப் படத்தைப் பற்றி எழுதுகிற நம்மில் பலர், அதை உடலின் உட்புறத்தைக் காட்டும் நிழற்படம் என்றே விளக்கிவருகிறோம். அந்த விளக்கம் எவ்வளவு தூரம் சரி என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் கருவிக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு தெரியாது. இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளி குறைந்திருந்தால், குருத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான். காந்த ஒத்ததிர்வோ குருத்தெலும்பையே காட்டுகிறது. இரத்த ஓட்டம் குன்றித் தொடை எலும்பின் தலை நலிவதையும் எக்ஸ்ரேக்கு முன்பாகவே அது காட்டிவிடும்.

ஆனால் அது காட்டுவது எதை? திசுக்களிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எழுப்பும் ரேடியோ சைகையைத்தான். சைகை எவ்வளவு வலிமையானது, எவ்வளவு விரைவில் மங்குகிறது என்பனவே கறுப்பு வெள்ளையாக மாற்றப்படுகின்றன. குருத்தெலும்பு சிதையத் தொடங்கும்போது அதன் நீர் கட்டுத் தளர்கிறது. சைகை மெதுவாக மங்குகிறது. அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது. எனவே சிதைவு வெண்மையாகலாம். வெண்மையெல்லாம் சிதைவாகுமா? இங்குதான் பிழை நுழைகிறது.

குருத்தெலும்பின் சட்டகம் கொல்லாஜென் என்னும் புரத நார். அது முப்புரி அமைப்புடையது என்பதை 1954இல் சென்னைப் பல்கலைக் கழகத்திலிருந்து உலகுக்கு அறிவித்தவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். இந்த நாரை ஒட்டி நிற்கும் நீரின் சைகை, நார் காந்தப் புலத்தோடு செய்யும் கோணத்தைப் பொறுத்து மாறுவதை 1962இல் பெரன்ட்சென் என்ற டச்சு அறிஞர் காட்டினார். கோணத்தின் கொசைனை வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். விடை பூச்சியமாகும் கோணம் 54.7 பாகை. அந்தக் கோணத்தில் ஒரு ஹைட்ரஜன் கரு தன் அண்டைக் கருவைத் தொந்தரவு செய்வது நின்றுபோகிறது, சைகை நெடுநேரம் நீடிக்கிறது, படம் வெளுக்கிறது. நாரில் ஒரு குறையும் இல்லாதபோதே இப்படி நேர்கிறது!

இடுப்பு மூட்டில் இந்தத் தொல்லை தவிர்க்க முடியாதது. தொடை எலும்பின் தலை ஏறத்தாழ ஒரு கோளம். குருத்தெலும்பின் அடிப்பகுதி நார்கள் அதன் மேல் செங்குத்தாக நிற்கின்றன. கோளத்தைச் சுற்றி வந்தால் எங்கேனும் ஓரிடத்தில் நார் 54.7 பாகையில் நின்றே தீரும்.

குற்றாலச் சாரலில் வானவில்லைப் பார்த்திருப்பீர்கள். வில் தெரியும் இடத்துத் துளிகளுக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை. கதிரவனும் துளியும் நம் கண்ணும் குறிப்பிட்ட கோணத்தில் அமைகின்றன; அவ்வளவே. இந்த வெண்மையும் அத்தகையதே.

மற்றொரு குறையும் உண்டு. இடுப்புக் குருத்தெலும்பின் தடிப்பு சில மில்லிமீட்டர்தான். வழக்கமான படம் ஒவ்வொன்றும் 3 அல்லது 4 மி.மீ. தடிப்புள்ள துண்டின் சராசரி. வளைந்த பரப்பில் இச்சராசரி விளிம்புகளைக் கலக்கிவிடும். "1.5 டெஸ்லா போதாது, 3 டெஸ்லா வேண்டும்" என்கிறார்கள். வலிய காந்தம் படத்தைக் கூர்மையாக்கும், உண்மை. ஆனால் 54.7 பாகை எந்தக் காந்தத்திலும் 54.7 பாகையே.

தேய்வதற்கு முன்னரே, குருத்தெலும்பிலுள்ள எதிர்மின் ஏற்றமுடைய சர்க்கரைச் சங்கிலிகள் குறைகின்றன. எதிர்மின் ஏற்றமுள்ள கடோலினியச் சேர்மத்தை இரத்தக் குழாயில் செலுத்தினால், சங்கிலிகள் குறைந்த இடத்தில் அது மிகுதியாகப் புகும். ஆழமற்ற இடுப்புக் கிண்ணம் உடையோரிடம் பாஸ்டனில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், வலியோடு பொருந்தி வந்தது எக்ஸ்ரே இடைவெளி அன்று, இந்த அளவீடே. எனினும் கடோலினியம் உடலில் தங்குவது தெரிந்தபின், அம்முறையில் பயன்பட்ட சேர்மத்தை இரத்தக் குழாயில் செலுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் நிறுத்தியது. விலையில்லாத பார்வை எதுவுமில்லை.

ஆகவே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நாமே தீர்ப்பு எழுத வேண்டாம். கதிரியல் மருத்துவர் இந்தக் கோண மாயத்தை அறிந்தவர். பல வகைப் படங்களை ஒப்பிட்டே முடிவு சொல்வார். "இந்த வெண்மை வேறு படங்களிலும் தெரிகிறதா? என் வலியோடும் நடையோடும் பொருந்துகிறதா?" என்று அவரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எழுதுகிற நாமோ, "ஸ்கேன் காட்டும்" என்பதோடு நில்லாமல், அது எதை அளந்து காட்டுகிறது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.