மடன் வழி நகை: கிரேசி மோகனின் நாடகத் திறன்

நகைச்சுவை ஆசிரியரை மக்கள் விரைந்து ஏற்பர். ஆராய்ச்சியாளர் அவ்வளவு விரைந்து ஏற்பதில்லை. கிரேசி மோகன் (1952–2019) பெற்றுள்ள நிலையும் இதுவே. அவர் சொல்லை மடக்கிச் சிரிப்பூட்டியவரேயன்றி நாடக ஆசிரியர் அல்லர் என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற காலத்திலேயே மோகன் நாடகம் எழுதத் தொடங்கினார்; பின்னர்த் தொழில் நிறுவனமொன்றில் பணியாற்றினார். 1976இல் எஸ்.வி. சேகர் குழுவிற்கு எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அவருக்கு அடைமொழியையும் ஈந்தது. 1979இல் 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்னும் குழுவை நிறுவினார். அதன் நாடகங்களில் தம் இளவல் மாது பாலாஜியுடன் தாமும் நடித்தார். அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தைக் கே. பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை' எனத் திரைப்படமாக்கினார். பின்னர் 'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) முதலிய படங்களுக்கு மோகன் உரையாடல் எழுதினார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவர். உரையாசிரியராகிய பேராசிரியர் பேதைமையை அறிவின்மை என்பர். மடனைப் பெரும்பாலும் பிறர் கொளுத்தக் கொண்டதை விடாது பற்றி நிற்றல் என்பர். இவ்வேறுபாடு சிறிதன்று. அறியாதவனைக் கண்டு நகுவோர் அவனினும் தம்மை உயர்ந்தோராகக் கருதுவர். கொண்டதை விடாதவனைக் கண்டு நகுவோர் அவனிடத்துத் தம்மையும் காண்பர். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யில் வேலைக்காரன் ஏவலைச் சொல்லளவிற் கொண்டு இடர் விளைக்கின்றான். அந்நகை பெரிதும் பேதைமையின்பாற் படும். மோகன் நாடகங்களில் தடுமாறுவோர் பெரும்பாலும் படித்த நடுத்தரக் குடும்பத்தினர். அவர்க்கு அறிவு உண்டு. தாம் கொண்ட பொருளை விடும் மனம் இல்லை. ஆதலின் அவர்தம் நகைக்கு மடனே நிலைக்களன் என்க.

அவருடைய சிலேடையையும் இவ்வழியே நோக்குதல் வேண்டும். காளமேகப் புலவர் பாம்பிற்கும் எள்ளிற்கும் பொருந்த ஒரே வெண்பாப் பாடினார். ஆண்டு இரு பொருளும் புலவர் ஒருவர் உள்ளத்தே அமைகின்றன. படிப்போர் அவர் புலமையை வியக்கின்றனர். மோகனின் உரையாடலிலோ ஒரு சொல்லின் இரு பொருள்களை இரு மாந்தர் பங்கிட்டுக் கொள்கின்றனர். ஒருவர் கொண்ட பொருளை மற்றவர் அறியார். இருவரும் தம் பொருளை விடார். இங்ஙனம் செய்யுளில் அணியாக இருந்த சிலேடை, அரங்கில் நிகழ்ச்சியாக மாறுகின்றது. மோகனின் தனித்திறன் இதுவே.

'அவ்வை சண்முகி' (1996) இதற்குச் சான்றாகும். மணமுறிவால் மகளைப் பிரிந்த ஒருவன், முதிய பெண்ணாக வேடம் புனைந்து மாமனார் இல்லத்திற் பணிக்கு அமர்கின்றான். மாமனார் அவ்வேடத்தை மெய்யெனக் கொண்டு, அப்பெண்ணை மணக்கவும் விழைகின்றார். இக்கதை 'மிசஸ் டவுட்ஃபயர்' (1993) என்னும் ஆங்கிலப் படத்தைத் தழுவியது. கதைக்கட்டை மோகனுக்கு உரியதாக்குதல் தகாது. ஆயினும் அக்கட்டு அவர் உரையாடலுக்கு ஏற்ற களமாயிற்று. அடியில் ஒரு தந்தையின் பிரிவுத்துயர் இருத்தலின் நகை வெறுமையாகவில்லை.

குறைகளும் உள. ஒரு நகை அடங்குமுன் மற்றொன்று எழுதலின், மாந்தரின் உணர்ச்சி வேரூன்ற இடமின்றிப் போகின்றது. மாந்தர் பலரும் ஆசிரியரின் நாவினாலேயே பேசுகின்றனர். ஆங்கிலம் கலந்த சென்னைப் பேச்சையே பல சிலேடைகள் சார்ந்து நிற்கின்றன. அப்பேச்சில் பழகாதார்க்கு அவை முழுதும் எட்டா. சோவின் 'முகமது பின் துக்ளக்' நாடகத்திற் காணும் அரசியல் எள்ளலும் இவரிடம் இல்லை. ஆயினும் எள்ளலை அவர் அறவே ஒதுக்கினார் என்றல் பொருந்தாது. அவர் உரையாடல் எழுதிய 'மகளிர் மட்டும்' (1994) படத்தில், பணிபுரியும் பெண்களுக்குத் தீங்கிழைக்கும் மேலாளன் எள்ளப்படுகின்றான். ஆண்டு நகை வலியவன் மேலதாகின்றது; மெலியார் மேலதன்று.

எனவே, மோகனின் சொல் விளையாட்டை நாடகத்தினின்று பிரித்து எண்ணுதல் முறையன்று. அவ்விளையாட்டே நாடகத்தை நடத்துகின்றது. அவருடைய நாடகங்களைப் பயில்வோர் ஏட்டோடு நில்லாது அரங்கையும் உடன்வைத்துப் பயிலல் வேண்டும். இருவர் பேச்சு மாறி மாறி மோதும் விரைவு அங்குத்தான் புலனாகும். பிறரை இழித்தலே நகைச்சுவை எனப் பலர் மயங்கும் இந்நாளில், இழிவின்றியும் அவை நிறைய நகைக்க வைக்கலாம் என்பதற்கு அவர் நாடகங்கள் சான்றாக நிற்கின்றன.