ஸலாஹுத்தீனின் மதிலும் ஃபாத்திமிய வாரிசும்

கெய்ரோவின் கிழக்கோரத்தில், தர்புல் அஹ்மர் என்னும் பழைய குடியிருப்பை ஒட்டி, சுமார் ஐந்நூறு ஆண்டுகளாக நகரத்தின் குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுக் குன்றுபோல் உயர்ந்திருந்த தர்ராஸா மேடு, 2005ஆம் ஆண்டில் 30 ஹெக்டேர் பரப்புள்ள அல்அஸ்ஹர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. மேட்டைச் சரித்தபோது, ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) காலத்தில் தொடங்கப்பட்ட கல்மதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிப்பட்டது.

1984இல் இதற்கு வித்திட்டவர் கரீம் ஆகா கான். நிறைவேற்றியது அவருடைய பண்பாட்டு அறக்கட்டளை. இஸ்மாயிலிகளோடு அகீதாவில் நமக்குள்ள வேறுபாடு தெரிந்ததே. அது இங்கு பேசுபொருளன்று. ஆனால் 1171இல் ஃபாத்திமிய ஆட்சியை முடித்துவைத்தவரின் மதிலை, அந்த ஃபாத்திமியரின் வழித்தோன்றலாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் மரபினரே பழுதுபார்த்தனர் என்பது ஸுன்னத் ஜமாஅத்தினராகிய நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பழுதுபார்த்த முறையே இத்திட்டத்தின் சிறப்பு. பழைய கெய்ரோவின் கட்டடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லாலானவை. நிலத்தடி ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு கல்லுக்குள் ஏறும். மேலே சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி, உப்பு உள்ளேயே உறைந்து கல்லைப் பொடியாக்கும். சுண்ணாம்புச் சாந்தோ அதனை வெளியேற விடும். இந்நுட்பம் அறிந்த கைகள் அருகிவிட்டமையால், அக்குடியிருப்பின் இளைஞர்களுக்கே கல்தச்சும் மரத்தச்சும் பயிற்றுவிக்கப்பட்டன. மதிலை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களை அப்புறப்படுத்தி அதனைத் தனித்து நிற்கச் செய்யும் யோசனையை அறக்கட்டளை ஏற்கவில்லை.

இதனை மேனாட்டார் கற்றுத்தந்த புதுக்கலை என்று நம்மவர் கருதுவதுதான் வியப்பு. ஹிதாயா ஓதிய மாணவர் அறிவர்: வக்ஃபின் வருவாய் முதலில் செலவாக வேண்டியது அதன் இமாரத்துக்கே, அதாவது பராமரிப்புக்கே, வாகிஃப் நிபந்தனையிட்டிருப்பினும் இல்லாவிடினும் சரியே. நம் முதவல்லிகளுள் சிலரோ பழைய கற்பள்ளியை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாக எழுப்புவதையே இமாரத் எனக் கொள்கின்றனர்.

பூங்காவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்னும் கணக்கில் அதற்கு நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டது. மம்லூக் காலத்து ஸபீல்களில் தாகம் தீர்த்த வழிப்போக்கரிடம் எவரும் காசு கேட்டதில்லை. அச்செலவை வக்ஃபு தாங்கியது. பூங்காவின் பிரதான வாயிலும் தர்புல் அஹ்மரை நோக்கி அமையவில்லை. மறுபுறம், கார்கள் விரையும் ஸலாஹ் ஸாலிம் நெடுஞ்சாலையை நோக்கியே அமைந்துள்ளது.