தேர்தலை நிறுத்தும் தீர்ப்புகள்

2016 அக்டோபர் 4. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கான வேட்புமனுத் தாக்கல் முடிந்த மறுநாள். அக்டோபர் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.கிருபாகரன் தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்தார். வீட்டுவரி பாக்கியைக் கட்டி, ரசீது வாங்கி, டெபாசிட் செலுத்தி, முன்மொழிய ஆள் பிடித்து மனுப் போட்டவர்களின் உழைப்பு ஒரே உத்தரவில் வீணானது. அந்தத் தேர்தல் நடக்கவே மூன்றாண்டுக்கு மேல் ஆனது.

தீர்ப்பில் நியாயம் இருந்தது. பழங்குடியினருக்கு உரிய இடஒதுக்கீடு தரப்படவில்லை என்பது திமுகவின் வழக்கு. செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை தேர்தல் அறிவிப்பு. மறுநாளே மனுத் தாக்கல் தொடக்கம். ஒரு வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து ஆட்சேபம் சொல்லக்கூட அவகாசம் இல்லாத வேகம் அது. இடஒதுக்கீட்டில் பிழையோடு நடக்கும் தேர்தல், அதனால் பாதிக்கப்பட்டவர்களை ஐந்தாண்டுக்கு அதிகாரத்துக்கு வெளியே நிறுத்திவிடும். அதற்குப் பிறகு தேர்தல் வழக்குப் போட்டு வென்றாலும் இழந்த காலம் திரும்பாது. ஆகவே நீதிமன்றம் தலையிடவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தலையிடுவதற்குச் சட்டம் கதவை ஏறக்குறைய அடைத்தே வைத்திருக்கிறது. ஊராட்சிகளுக்கு 243-ஓ, நகராட்சிகளுக்கு 243-இசட்ஜி என இரு பிரிவுகள் தேர்தல் விவகாரங்களை நீதிமன்றங்கள் இடையில் கேள்வி கேட்பதைத் தடுக்கின்றன. இந்தக் கொள்கையின் வேர் நாமக்கல்லில் இருக்கிறது. அந்தத் தொகுதியில் மனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் தொடங்கிவிட்டால் முடியும்வரை நீதிமன்றம் குறுக்கிடக் கூடாது என்று 1952இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடையில் நிறுத்தினால் ஆட்சிமன்றமே உருவாகாமல் போகும் என்ற அச்சம் அதன் பின்னணி. 2016க்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தது அதுதான்.

2016 டிசம்பர் 31க்குள் தேர்தலை முடிக்க வேண்டும் என்று கிருபாகரனின் தீர்ப்பு சொல்லியிருந்தது. நடக்கவில்லை. 2017 நவம்பர் 17க்குள் நடத்துங்கள் என்று பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. அதுவும் நடக்கவில்லை. வார்டு மறுவரையறை என்ற காரணம் முன்னால் வந்து நின்றது. ரத்து உத்தரவு மாலைக்குள் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. நடத்தச் சொல்லும் உத்தரவோ ஆண்டுக்கணக்கில் கோப்பில் தூங்குகிறது. தேர்தலை இடையில் ரத்து செய்யும் பழக்கத்தின் ஆகப்பெரிய குறை இது.

இடைப்பட்ட காலத்தில் ஆட்சி யார் கையில் போனது என்று பார்த்தால் குறையின் ஆழம் புரியும். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் 12,500க்கும் மேல். ஒன்றியங்கள் 385க்கு மேல். தலைவர்கள் இல்லாத ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் ஆனவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) என்பதால், சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஒரே ஆள் ‘தலைவர்’. குடிநீர் மோட்டார் பழுதானால் ஊர்க்காரர் நேரே போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. ஒன்றிய அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு என 2016 தொடக்கத்தில்தான் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. அதன்படி வரவேண்டிய முதல் தலைவிகள் 2020 ஜனவரியில்தான் பதவியேற்றார்கள். தேர்தலில் தவறு செய்தது அரசு. தேர்தல் நின்றதால் அதிகாரம் திரும்பிப் போனதும் அதே அரசிடம். தவறிழைத்த தரப்புக்கே பலன் சேர்க்கும் நிவாரணம் நிவாரணமே அல்ல.

இதற்கு வேறு வழி இருந்ததா? கோவாவில் இருந்தது. 2021 மார்ச் தொடக்கத்தில் ஐந்து நகராட்சிகளின் இடஒதுக்கீட்டை மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு ரத்து செய்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரப்படாதது முக்கியக் காரணம். மார்ச் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்து நாளில் ஒதுக்கீட்டைத் திருத்து, ஏப்ரல் 30க்குள் தேர்தலை முடி என்று கெடுவும் வைத்தது. ஏப்ரல் 23இல் மக்கள் வாக்களித்தார்கள். ஐந்து நகராட்சியோடு ஒரு மாநிலத்தை ஒப்பிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் பிழையைத் திருத்துவதையும் தேர்தலை நடத்துவதையும் ஒரே உத்தரவில் பூட்டிய முறை எந்த அளவுக்கும் பொருந்தும்.

2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டிலும் ஓரளவு அப்படி நடந்துகொண்டது. புதிதாகப் பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்களை மட்டும் விலக்கி, மற்ற 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடக்கட்டும் என்றது. நல்ல தீர்ப்பு. சிக்கல் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்தது. ஆனால் வெட்டி எடுத்த செங்கல்பட்டுக்கும் தென்காசிக்கும் நான்கு மாத கெடு கொடுத்தும், அங்கே வாக்குப்பதிவு 2021 அக்டோபரில்தான் நடந்தது. இடையில் கொரோனா வந்தது என்பதையும் கணக்கில் கொள்கிறேன். அது முழுத் தாமதத்துக்கும் பதில் ஆகாது.

ஒதுக்கீடும் வார்டு எல்லையும் தேர்தல் அறிவிக்கைக்குப் பல மாதம் முன்பே வெளியாக வேண்டும். அவற்றின் மீதான வழக்குகள் அந்த இடைவெளியிலேயே முடிய வேண்டும். அப்படியும் ஒரு நீதிபதி கடைசி நேரத்தில் அறிவிக்கையை ரத்து செய்ய நேர்ந்தால், வழக்கை முடித்துவைக்காமல் புதிய வாக்குப்பதிவு நடக்கும்வரை தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 5இல் அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து வெளியேறினார்கள். இந்த முறை எந்த நீதிமன்றமும் அறிவிக்கையை ரத்து செய்யவில்லை. தேர்தல் அறிவிக்கையே வரவில்லை. தனி அலுவலர்கள் மறுபடி பொறுப்பேற்றார்கள்.