மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கிறவர்கள்

ஆர்.பி. அமுதனின் 'பீ' 2003-இல் வந்த படம். மதுரையில் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் தினமும் மனித மலத்தை அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் பின்னால் காமிரா போகிறது. அவ்வளவுதான் படம். அரைமணி நேரம்கூட ஓடாது. அந்த அம்மா வேலை செய்துகொண்டே பேசுகிறார். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடத்தில் காமிரா திருப்பிக்கொள்ள மறுக்கிறது.

ஆரணியில் இதைத் திரையிட இடம் கேட்டு அலைந்தோம். பேரைக் கேட்டதுமே மண்டபக்காரர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். நோட்டீசில் 'கழிவு'ன்னு போட்டுக்கலாமே தோழர், என்றார் முற்போக்கான நண்பர். தினமும் போவது பீ, அச்சில் வந்தால் மட்டும் கழிவு. கடைசியில் எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் வேட்டியைக் கட்டித்தான் போட்டோம்.

படம் ஓடிய ஐந்தாம் நிமிடத்தில் ஒன்றைக் கவனித்தேன். கூட்டத்தில் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வேட்டித்துணியில் விழுகிற வெளிச்சத்துக்கு ஏது நாற்றம்? கண் பார்த்ததை மூக்குக்குச் சொல்லித்தந்தது எது? முதல்முறை பார்த்தபோது என் கையும் மூக்குக்குத்தான் போனது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

உலக சினிமா பேசுகிறவர்கள் அதிர்ச்சி என்றதும் 1929-இல் பாரிசில் காட்டப்பட்ட 'ஆந்தலூசிய நாய்' படத்தைச் சொல்வார்கள். லூயி புனுவெலும் சல்வதோர் தாலியும் சேர்ந்து எழுதியது. ஒரு பெண்ணின் கண்ணைச் சவரக்கத்தியால் அறுக்கிற காட்சி வரும். அறுபட்டது செத்த கன்றின் கண். கூட்டம் கலாட்டா செய்தால் எறியலாம் என்று சட்டைப்பையில் கற்களோடு நின்றதாகப் புனுவெலே பின்னால் எழுதினார். கற்களுக்கு வேலை வரவில்லை, கைதட்டினார்கள். மேட்டுக்குடிக்கு அதிர்ச்சியும் ஒரு விருந்துதான். 'பீ'க்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அள்ளப்படுவது யாருடையது என்ற கேள்வி பார்க்கிறவன் மடியிலேயே வந்து விழுகிறது.

எம்.ஏ.வில் மெய்ப்பாட்டியலை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று இளிவரல். அது பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைச் சொல்கிறார்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அந்தப் பட்டியலில் மலம் இல்லை, நாற்றம் இல்லை. உடம்பு தேய்வதும் நோவதும் இளைப்பதும்தான் இருக்கின்றன. அப்படியென்றால் எங்கள் கூடத்தில் மூக்கைப் பொத்திய கைகளில் இருந்தது எந்த மெய்ப்பாடு? நான் அதைத் தீட்டு என்கிறேன். ரசனை என்று பேர் வைத்துக்கொண்டு சாதி திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பட்டு ஊரில் இதைச் சொல்லாமல் முடியாது. கூட்டுக்குள் இருக்கிற புழுவைச் சூட்டில் சாகடித்து, கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் நூலெடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் கூடுகள். வெந்த புழுவின் நாற்றம் அந்த வேலைக்காரர்களோடு நின்றுவிடுகிறது. சேலை மட்டும் மடிப்புக் கலையாமல் மணமேடைக்கு வந்து சேர்கிறது. பட்டைத் தொட்டால் தீட்டில்லை என்றார்கள்.

ஆதிக்கச் சாதிகளை மட்டும் திட்டிவிட்டுப் போனால் இந்த இதழ் வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள்தான். ஆனால் அன்று வந்தவர்களில் முக்கால்வாசி எங்கள் பறையர் காலனி ஆட்கள். படம் பாதியில் எழுந்துபோன பையன் வெளியில் என்னிடம் சொன்னான்: "இது நம்ம கத இல்லண்ணே. அவங்க கத." அந்த 'அவங்க' அருந்ததியர். 2009-இல் அவர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதும், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீட்டை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னபோதும் டீக்கடையில் கேட்ட அதே 'அவங்க'. இந்தப் படத்தைப் பற்றி நமக்குள் நடக்காத விவாதம் இதுதான்.

மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் வந்துவிட்டது. பத்து வருஷம் கழித்து எடுத்த படம் இது. 2013-இல் இன்னொரு சட்டம். 2017-இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தபோது திரையிடல்களைப் போலீஸ் தடுத்தது. அவர் அதை யூடியூப்பில் ஏற்றினார்.

படத்தின் மேல் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இப்படி அள்ளும்போது அந்த அம்மாவை ஊர் ஊராகக் காட்டலாமா? நாங்கள் காட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவர் மறுபடி அள்ளுகிறாரே? விடை தெரியாமல்தான் மூன்று வருஷமாகப் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

அன்று கடைசி வரிசையில் துப்புரவு வேலை பார்க்கிற அத்தை ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. படத்து அம்மா திட்டியபோது வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியில் கருத்துச் சொல்லச் சொன்னோம்.

"கருத்து இன்னா கீது? இப்டி குனிஞ்சே செய்துச்சுன்னா அதுக்கு இடுப்பு போயிடும். சம்பளம் எவ்ளோன்னு கேட்டீங்களா?"

முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, நாத்தத்துக்கு மூக்கை மூடிக்கலாமே, ஏன் மூடாம செய்றாங்க என்று கேட்டாள்.

அத்தை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "ரெண்டு கையும் வேலைல கீதேம்மா. எந்தக் கையால மூடறது?"