தோற்றவர்களின் பாட்டில் ஒரு ராணி

தோல்வியின் சூடு ஆறுவதற்குள் எழுதப்படும் கவிதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் யார் தலையிலாவது பழியைப் போட்டால்தான் அழுகையே வரும். ஷா முகம்மதுவின் பஞ்சாபிக் கவிதையான ‘ஜங்நாமா’ அப்படிப்பட்ட ஒன்று. 1845-46இல் நடந்த முதல் ஆங்கிலேய - சீக்கியப் போர் முடிந்த கையோடு, அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்து முஸ்லிம் கவிஞர் ஒருவர் சீக்கிய அரசுக்காகப் பாடிய ஒப்பாரி. மொழிபெயர்ப்பு வழியாகத்தான் எனக்கு அறிமுகம். அந்தக் குறையையும் மீறி அது ஆளைப் பிடித்து உலுக்குகிறது.

காரணம், போரை அவர் மதச் சண்டையாகப் பார்க்கவே இல்லை. ஹிந்துஸ்தானத்துக்கும் பஞ்சாபுக்கும் நடந்த போர் என்கிறார். கம்பெனிப் படையில் வங்காள ராணுவத்தின் சிப்பாய்கள் பெருந்திரளாக நின்றார்கள் என்பதால் இது வெறும் கவிப்பேச்சு இல்லை. ரஞ்சித் சிங்கின் லாகூர் அவருக்கும் சொந்த வீடு. அந்த வீடு போச்சே என்கிற வலி நிஜமானது.

சிக்கல் ராணி ஜிந்தான் விஷயத்தில் வருகிறது. 1845 செப்டம்பரில் அவருடைய சகோதரன் ஜவாஹர் சிங்கை கால்சா படையினர் அவர் கண்ணெதிரேயே கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கத்தான் படையை சட்லெஜ் நதியைத் தாண்டவைத்தார் என்பது கவிதையின் மைய முடிச்சு. பாஞ்சாலி காலத்திலிருந்தே பெண்ணின் கோபத்தில் போரைத் தொடங்குவது நமக்குப் பழகிய கதைதானே!

ஆனால் ஒரு பெண்ணின் ஆத்திரம் மட்டும் சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்துவிடுமா? 1809 அமிர்தசரஸ் உடன்படிக்கை சட்லெஜை எல்லையாக்கியது. ரஞ்சித் சிங் 1839இல் சாகும்வரை அதை மதித்தார். கம்பெனியோ 1835இலேயே நதிக்கரை ஃபிரோஸ்பூரை எடுத்துக்கொண்டது. மகாராஜாவுக்குப் பின் லாகூர் அரண்மனையில் கொலைமேல் கொலை விழ, எல்லையில் துருப்புகள் குவிந்தன. படை பயந்து போனதில் என்ன ஆச்சரியம்? போதாக்குறைக்கு, லால் சிங்கும் தேஜ் சிங்கும் தாங்கள் நடத்திய படையையே கைவிட்டார்கள். 1846 பிப்ரவரி 10இல் சோப்ராவோனில் எல்லாம் முடிந்தது. அடுத்த மாதமே காஷ்மீர் 75 லட்சம் ரூபாய்க்கு குலாப் சிங்குக்குக் கைமாறியது.

கவிஞர் துக்கத்தில் சொன்னதை, ஜெயித்தவர்கள் கணக்குப்போட்டுச் சொன்னார்கள். ஆங்கிலேயர் வட்டாரத்தில் ஜிந்தானுக்கு ‘பஞ்சாபின் மெஸ்ஸலீனா’ என்று பட்டப்பெயர். 1847இல் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து அவரைப் பிரித்தார்கள். 1849இல் அந்தச் சிறுவனிடமிருந்து ராஜ்ஜியத்தையும் பறித்தார்கள். தாயும் மகனும் மறுபடி பார்த்துக்கொண்டது 1861இல், கல்கத்தாவில்.

இதற்காக ஷா முகம்மதுவை ஒதுக்கிவிட முடியாது. தன் வீடு இடிந்ததை அவர்போல அழுது சொன்னவர்கள் குறைவு. அந்த அழுகையை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன், அவர் எழுதிய தீர்ப்பை அல்ல.