டிரான்ஸ்ட்ரோமரின் மௌனம் என்று சொல்லாதீர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஞாயிறு மாலை நாங்கள் ஆறேழு பேர் கூடிக் கவிதை படிப்பதுண்டு. போன மாதம் சுவீடன் கவிஞர் டோமஸ் டிரான்ஸ்ட்ரோமர். பேசிய எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார்கள். 1990இல் பக்கவாதம் பேச்சைப் பறித்தது, அதனால் கவிதை ஹைக்கூவாகச் சுருங்கியது, மௌனமே அவர் மொழியானது. ஒரு நண்பர் ‘கொடுப்பினை’ன்னே சொல்லிட்டார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அங்கே வாயைத் திறக்கவில்லை.

முதலில் தேதியைப் பார்ப்போம். இளைஞர் சிறை ஒன்றைப் பற்றி அவர் ஒன்பது ஹைக்கூ எழுதியது 1959இல், முப்பதைத் தொடாத வயதில். அவை நூலாக வந்தது 2001இல். ஆக, சுருக்கத்தை நோய் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே கையில் இருந்த கருவி. நோய்க்குப் பிறகு தூக்க முடிகிற எடையில் அதுதான் மிஞ்சியது. 2004இல் வந்த ‘பெரும் புதிர்’ தொகுப்பில் 45 ஹைக்கூக்கள் உண்டு. சில அபாரம். சில, அவருடைய பழைய நீள்கவிதைகளின் பக்கத்தில் நிற்கவே இல்லை. இதைச் சொல்ல ஏன் தயங்குகிறோம்? நோயாளி என்று சலுகை மதிப்பெண் போடுவதும் அவமதிப்புதான்.

அடுத்து அந்தத் ‘தீர்க்கதரிசனக்’ கதை. 1974இல் வந்த ‘பால்டிக் கடல்கள்’ நெடுங்கவிதையில், வலப்பக்கம் செயலிழந்து பேச்சு போன இசையமைப்பாளர் ஒருவர் வருகிறார். பதினாறு வருடம் கழித்துக் கவிஞருக்கும் அதே கதி. புல்லரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார்: ரஷ்யாவின் விஸ்ஸாரியோன் ஷெபாலின். பேச்சு போன பிறகும் 1962இல் தன் ஐந்தாம் சிம்பனியை முடித்தவர். மூளை ஆய்வாளர் லூரியா அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். டிரான்ஸ்ட்ரோமரோ தொழிலால் உளவியலாளர். இதில் ஜோசியத்துக்கு என்ன வேலை?

நான் பொறியாளன். வெளியே சிக்னல் வரவில்லை என்பதற்காக உள்ளே மின்சாரம் இல்லையென்று முடிவு கட்டமாட்டேன்.

கிள்ளானில் என் தாத்தா லாரி ஓட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஒரே சொல்: ‘பசியாறியாச்சா’. தண்ணீர் கேட்க அதுதான், கோபத்துக்கும் அதுதான். போதலேர்கூட 1866க்குப் பிறகு ஒரு பாதி வசவுச் சொல்லோடு மட்டும்தான் இருந்தார். தாத்தாவுக்குத் தான் சொன்னது தப்பு என்று தெரியும். தலையை ஆட்டுவார், இடது கையால் மேசையைத் தட்டுவார், மறுபடி ‘பசியாறியாச்சா’தான் வரும். கண்ணில தண்ணி நிக்கும். அந்த வீட்டில் மௌனம் எங்கே இருந்தது? ஒரே சத்தம்.

டிரான்ஸ்ட்ரோமர் இடது கையால் பியானோ வாசித்தார், 2011இல் நோபெல் வாங்கினார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவர் சொல்ல வந்ததைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவர் மனைவி மோனிகா. அந்த அம்மா எத்தனை தடவை தப்பாக ஊகித்திருப்பார், அவர் எத்தனை தடவை தலையை ஆட்டியிருப்பார் என்றுதான் இப்போது அந்த ஹைக்கூக்களைப் படிக்கும்போது யோசிக்கிறேன்.

எங்க பாட்டி வரிசையாக் கேப்பாங்க. தண்ணியா? ஃபேனா? டிவியா? கால் வலிக்குதா? பத்தாவது கேள்விக்கு தாத்தா மேசையைத் தட்டுறத நிறுத்துவார்.